தபீதாள் வரைந்த குகை

தாம்பரத்திலும் அதைச் சுற்றியும் குகை என்று சொல்லத்தக்கது எதுவும் கிடையாது. பாதாளச் சாக்கடைக்காகத் தோண்டிவிட்டு மூட மறந்த பள்ளங்கள் உண்டு. மழைக்காலத்தில் அவற்றின் ஆழத்தை ஸ்கூட்டரில் போகிறவர்கள் தங்கள் சொந்தப் பொறுப்பில் அளந்து சொல்வார்கள். இப்படிப்பட்ட ஊரில், குகைகளைத் தேடிப் போய் உள்ளே தவழ்ந்து அளந்து வரைபடம் போடுவதற்கென்றே ஒரு குழு பல வருஷங்களாக இயங்கிவருகிறது என்றால் யாரும் நம்பமாட்டார்கள். நம்பாதவர்களைக் குழுவினர் கோபித்துக்கொள்வதும் இல்லை. அவர்கள் வீட்டிலேயே பாதிப் பேர் நம்புவதில்லை.

தென்சென்னை குகை அளவைக் குழு என்று பெயர். சம்பளம் கிடையாது, கட்டடம் கிடையாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆந்திரா பக்கம் ரயிலேறி, திங்கட்கிழமை காலையில் காது மடல்வரை செம்மண்ணோடு திரும்பி வந்து, குளித்துவிட்டு ஆபீஸ் போகிற கூட்டம். தலைமையகம் என்று ஒன்றைக் காட்டியே தீரவேண்டுமென்றால் சேலையூரில் தபீதாள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையைத்தான் காட்டவேண்டும்.

தபீதாள் எந்தக் குகைக்குள்ளும் போனதில்லை. ஒரே ஒரு தடவை ஒரு குகையின் வாய்வரைக்கும் போனாள். உள்ளேயிருந்து வந்த வௌவால் வாடையை ஒரு மூச்சு இழுத்துப் பார்த்துவிட்டு, போதும் என்று வேனில் வந்து உட்கார்ந்துகொண்டாள். ஆனால் குழு இதுவரை வெளியிட்ட வரைபடங்கள் எல்லாமே அவள் கையால் ஆனவை. மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் அவள் பணி ஓய்வு பெறும்வரை டிராஃப்ட்ஸ்மேன். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து மாலை போட்டு அனுப்பிய நாள்வரை அந்த ‘மேன்’ யாருக்கும் உறுத்தவில்லை, அவளுக்கும்தான். கம்பெனிக்குக் கதவுக் கீல் வரைந்தாள், புருஷனுக்குக் குகை வரைந்தாள். இரண்டையும் நேரில் போய்ப் பார்க்கவேண்டிய அவசியம் இருந்ததில்லை.

புருஷன் சாலமோன் பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியார். குழுவைத் தொடங்கியவரும் அவர்தான். லிஃப்டில் ஏறமாட்டார், மூச்சு முட்டும் என்பார். உறவுக்காரர் வீடு ஆறாவது மாடியில் என்றால் படியேறியே போய், இளைப்பு அடங்குவதற்குள் வந்த காபியை ஆறவிட்டுவிடுவார். அதே மனிதர், நாய்கூட யோசித்து நுழையும் பொந்துக்குள் வயிற்றால் ஊர்ந்து போய், அந்தப் பக்கத்திலிருந்து “வாங்கப்பா, உள்ள ஹால் மாதிரி இருக்கு” என்று குரல் கொடுப்பார். போன வருஷம் செத்துப்போனதும் குகையில் இல்லை. தாம்பரம் மார்க்கெட்டில், பட்டப்பகலில், முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, தலைக்கு மேலே வானத்தைத் தவிர வேறெதுவும் இல்லாத இடத்தில்.

அன்றிலிருந்து தபீதாள் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தாள். அடக்க ஆராதனைக்கு வந்தவர்களுக்கு நாற்காலி போதுமா என்று பார்த்தாள். பென்ஷன் ஆபீசில் கேட்ட காகிதங்களைக் கேட்ட வரிசையில் கொடுத்தாள். “தைரியமான பொம்பளை” என்று சபையில் பேசிக்கொண்டார்கள். தைரியம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டபிறகு உதடு இருக்குமே, அந்த மாதிரி. தொட்டால் இருப்பது தெரியும், நம்முடையது என்றுதான் தெரியாது. மரத்த உதட்டோடு சாப்பிட்டால் கடித்துக்கொள்வோம் என்பதால் அவள் எதையும் நிதானமாகவே செய்தாள்.

முதல் வருஷ நினைவுநாள் வந்துகொண்டிருந்தது. கிழக்குத் தாம்பரத்தில் சபை மண்டபத்தில் ஒரு கூட்டம், அதில் நந்தியால் பக்கத்துக் குகை ஒன்றின் முழு வரைபடத்தை வெளியிடுவது என்று குழு தீர்மானித்திருந்தது. பக்கத்து ஊர்க்காரர்களுக்கு அது வெறும் வௌவால் குகை. சாலமோனுக்கு அது பத்து வருஷப் பைத்தியம். மழையில் மண் சரிந்து புதிதாகத் திறந்த ஒரு துவாரத்தின் வழியாக அவர் கடைசியாகப் போய் ஒரு புதுக் கிளையைக் கண்டுபிடித்து அளந்திருந்தார். வரைபடத்தில் அதற்கு ‘சாலமோன் வழி’ என்று பெயர். பெயரை எல்லோரும் கைதட்டி ஏற்றுக்கொண்டாயிற்று. சாலமோனின் தம்பி ஆரோன் கூடுவாஞ்சேரியில் தெரிந்தவர், தெரியாதவர், பால்காரர் எல்லோரிடமும் சொல்லியாயிற்று. படத்தில் மை ஏற்றுவது மட்டும் பாக்கி.

இங்கே இவர்கள் அளக்கும் முறையைச் சொல்லிவிட வேண்டும். ஒருவர் விளக்கோடு முன்னே போய் நிற்பார். பின்னால் இருப்பவர் திசைகாட்டியைக் கண்ணில் வைத்து அந்த விளக்கு எந்தத் திசையில் என்று பார்த்துச் சொல்வார். நடுவே நாடா பிடித்துத் தூரத்தைக் குறிப்பார்கள். அதோடு முடியாது. முன்னே நிற்பவர் திரும்பி, பின்னால் இருப்பவரைப் பார்த்துத் தன் திசைகாட்டியில் ஒரு தடவை சொல்லவேண்டும். இரண்டும் ஒத்துப்போனால்தான் அளவு. இல்லாவிட்டால் மறுபடியும். இந்தத் திருப்பிப் பார்த்தல்தான் குழுவின் மதம். தலைவர் பத்ரிநாராயணன் தணிக்கைத் துறையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆண்டவனே வந்து அளந்தாலும் திருப்பிப் பார்க்காமல் ஒப்புக்கொள்ளமாட்டேன் என்று மேடையிலேயே சொன்னவர்.

ஒரே ஒரு விதிவிலக்கு சாலமோன். யாரும் அப்படித் தீர்மானம் போடவில்லை. தொடங்கியவர், வாத்தியார், வயதில் மூத்தவர். அவர் எண்ணைச் சொன்னபிறகு எதிர்முனையிலிருந்து “இருங்க சார், நானும் ஒரு தடவை பாத்துக்கறேன்” என்பது, கணக்கு வாத்தியாரிடம் வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்வது போல இருந்தது. சார் பார்த்தால் பார்த்ததுதான்.

குழுவுக்கு இன்னொரு மதமும் உண்டு. உள்ளே எந்த அடையாளமும் வைக்கக்கூடாது. சுண்ணாம்புக் கோடு, பெயின்ட், அம்புக்குறி எதுவும் கூடாது. மற்றவர்கள் காதலியின் பெயரைப் பாறையில் எழுதிவிட்டு வருவார்கள். இவர்கள் தங்கள் கால்தடத்தையே முடிந்தால் கையால் அழித்துவிட்டு வருவார்கள். இரண்டு மதமும் தனித்தனியே நல்ல மதம்தான்.

செப்டம்பரில் ஒரு நாள் காலை தபீதாள் சாலமோன் வழியின் சுவர்களை மையால் இழுத்துக்கொண்டிருந்தாள். நடுவழியில் ஒரு தூண், அதை ஒட்டி ஒரு வளைவு. வளைவை இழுக்கும்போது கை யோசிக்காமல் தானாகப் போயிற்று. வரைகிறவர்களுக்குத் தெரியும், புதுக் கோட்டில் கை தயங்கும். பழைய கோட்டில்தான் இப்படி ஓடும். அவள் பேனாவை மூடி வைத்துவிட்டு, அலமாரியிலிருந்து இதே குகைக்கு வருஷக்கணக்கில் முன்னால் தான் வரைந்த பழைய தாளை எடுத்தாள். மேஜையின் கண்ணாடிக்கு அடியில் விளக்கை வைத்து, ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டு, மேலிருந்ததை மெல்லத் திருப்பிக்கொண்டே வந்தாள். தூண் தூணின் மேல் உட்கார்ந்தது. மாடம் மாடத்தின் மேல், பள்ளம் பள்ளத்தின் மேல்.

சமையலறையில் குக்கர் விசில் அடித்தது. போய் அணைத்துவிட்டு வந்து ஜேசனுக்குப் போன் போட்டாள். ஜேசன் சாஃப்ட்வேர் கம்பெனிக்காரன். குழுவின் கம்ப்யூட்டர் கணக்கெல்லாம் அவன் பொறுப்பு. அந்தக் கடைசிப் பயணத்தில் சாலமோனோடு உள்ளே போனவனும் அவன்தான்.

“ஜேசன், நீங்க ரெண்டு பேரும் அளந்த வழியில நடுவுல ஒரு தூண் இருந்துச்சா?”

“ஆமா ஆன்ட்டி. யானைக்கால் மாதிரி. டாக்டர்கிட்ட காட்டணும்பா இதைன்னு சார் ஜோக்கடிச்சாரு.”

“அதே யானைக்கால் பழைய வழியிலயும் இருக்கு.”

“ரெண்டு யானைக்கால் இருக்கலாமே, ஆன்ட்டி.”

“இருக்கலாம். ரெண்டுக்கும் பக்கத்துல அதே மாடம், அதே பள்ளம் இருக்கக்கூடாது. சாயங்காலம் வா.”

வந்தான். தாள்களைப் பார்த்தான். கொஞ்சநேரம் காதைச் சொறிந்தான். அவன் குழுவில் சேர்ந்தது அந்த வருஷம்தான், பழைய பகுதிக்குள் போனதே இல்லை. சாலமோன் போயிருக்கிறார், ஆனால் எதிர்ப்பக்கத்திலிருந்து, அதுவும் வெள்ளம் புதுச்சேறு கொட்டுவதற்கு முன்னால். போகும்போது பார்த்த குகை திரும்பி வரும்போது வேறு குகை என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் சொல்கிற விஷயம். அடையாளம் வைத்திருந்தால் தெரிந்திருக்கும்.

“ஷேப் ஒத்துப்போகுது, ஒத்துக்கறேன்,” என்றான் ஜேசன். “ஆனா டைரக்ஷன்? நாங்க அளந்தது கிழக்க போகுது. பழசு தெற்க. திசைகாட்டி அவ்வளவு தப்பா காட்டாது, ஆன்ட்டி.”

“நீ திருப்பிப் பாத்தியா?”

ஜேசன் மேஜையைப் பார்த்தான்.

“சார் பாத்தாரே, ஆன்ட்டி.”

அவனைத் திட்டத் தோன்றவில்லை. திட்டுவதற்கு முதலில் எங்கேயாவது சுடவேண்டும். பேச்சை மாற்ற அவனே போனை எடுத்து, கூட்டத்துக்கு அடிக்கப்போகும் பேனரின் படத்தைக் காட்டினான். அந்தக் கடைசிப் பயணத்தில் எடுத்தது. குகை வாயில் நின்றபடி சாலமோன் திசைகாட்டியைக் கண்ணில் வைத்திருக்கிறார். முழங்கைவரை மண். “சார் கெத்தா இருக்காருல்ல?” என்றான். தபீதாள் படத்தை விரலால் பெரிதாக்கினாள். முகத்தை அல்ல. மணிக்கட்டை.

அந்தப் பயணத்துக்குக் கொஞ்சம் முன்னால், தாம்பரத்தில் பொருட்காட்சி போட்டிருந்தபோது அவள் வாங்கிக் கொடுத்த காந்த வளையல். இடது தோள்பட்டை வலிக்கிறது என்று அவர் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ரத்த ஓட்டத்துக்கு நல்லது, வலி பறந்துவிடும், குளிக்கும்போதுகூடக் கழற்றக்கூடாது என்று கடைக்காரன் சொன்னான். அவளும் வீட்டில் வந்து கழற்றக்கூடாது என்றாள். சாலமோன் அளக்கப் போனால் வாட்சைக் கழற்றிவிடுவார், இரும்புக் கொக்கியைத் தூரத் தள்ளிவைப்பார், பக்கத்தில் நிற்பவனை “பாக்கெட்ல போன் இருந்தா அந்தப் பக்கம் போடா” என்று விரட்டுவார். வளையலை மட்டும் கழற்றவில்லை. பெண்டாட்டி சொன்னது அவருக்குத் தோலோடு தோலாகிவிட்டிருந்தது.

ஒரு வாரம் கழித்து எப்படி இருக்கிறது என்று கேட்டாள். “இப்போ சோக்கா கீது” என்றார், அவளைச் சிரிக்கவைக்க வேண்டுமென்றால் அவர் பேசுகிற பாஷையில். சிரித்தாள். அதற்கப்புறம் கேட்கவில்லை. மார்க்கெட்டிலிருந்து அவரைக் கொண்டுபோன ஆஸ்பத்திரியில் டாக்டர், மாரடைப்பு என்று சொல்லிவிட்டு, முன்னாடி தோள்வலி ஏதாவது இருந்ததா என்று கேட்டார். “இருந்துச்சு, போயிடுச்சு” என்று அவள் பதில் சொன்னாள். டாக்டர் அவளைக் கொஞ்சநேரம் பார்த்தார். எதையும் எழுதிக்கொள்ளவில்லை.

வளையல் ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் கவரோடு பீரோவில் இருந்தது. இரண்டு பேரும் மொட்டைமாடிக்குப் போனார்கள். ஜேசன் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை வெறும் கையோடு ஒரு தடவை பார்த்தான், வளையலை மாட்டிக்கொண்டு ஒரு தடவை பார்த்தான். தொட்டி அப்படியே இருக்க, வடக்கு நகர்ந்துவிட்டது.

“ஆன்ட்டி…”

“எல்லாத் திசையிலயும் பாரு. ஒவ்வொண்ணுக்கும் எவ்வளவு இழுக்குதுன்னு சொல்லு.”

அவன் மாடியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழன்றுகொண்டே சொன்னான், அவள் குறித்துக்கொண்டாள். கீழே வந்து அந்த வித்தியாசத்தைக் கணக்கில் கழித்ததும், ஜேசனின் லேப்டாப் திரையில் கிழக்கே போய்க்கொண்டிருந்த சாலமோன் வழி மெல்லத் திரும்பி, பழைய வழியின் மேல் போய்ப் படுத்துக்கொண்டது. ஜேசன் அழுதான். தபீதாள் அவனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். வரைய வேண்டிய வேலை குறைந்துவிட்டது என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது.

சனிக்கிழமை சிட்லபாக்கத்தில், பத்ரிநாராயணன் குடியிருக்கும் அபார்ட்மென்ட் சங்க அறையில் குழு கூடியது. கேரம்போர்டைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார்கள். ஜேசன் விஷயத்தைச் சொல்லி முடித்தான். மேலே மின்விசிறி மட்டும் தன் கருத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது.

“தபீதாள்மா,” என்றார் பத்ரிநாராயணன். “ஆடிட்ல நாங்க ஒரு வார்த்தை வச்சிருக்கோம். பெரிசா பாதிக்காத பிழை. அதை அப்படியே விட்டுடறது.”

“நீங்க விட்டிருக்கீங்களா சார்?”

“இல்ல. மத்தவங்க விடுவாங்க.”

கயிறு வேலையெல்லாம் பார்க்கிற உமேஷ் குறுக்கே வந்தான். “அக்கா, யாருக்கா உள்ள போய் பாக்கப் போறா? போன மழையில அந்தத் துவாரமே மூடிக்கிச்சு. சாரு பேர்ல ஒரு வழி இருந்துட்டுப் போகட்டுமே. இதை எடுத்தா ஒரே பேஜாரு. பேனர் அடிச்சாச்சு, ஆரோன் அண்ணன் ஊரெல்லாம் சொல்லியாச்சு.”

“இருந்தா இருந்துட்டுப் போகட்டும். இல்லையே, உமேஷ்.”

“மேப்புல இருக்கட்டும்னு சொல்றேன்.”

பாகை ஒன்று பிசகினால் மறுபடி ஊர்ந்துபோய் அளக்கிற மனிதர்கள். அத்தனை பேரும் இல்லாத ஒரு குகைக்காக வாதாடினார்கள். குகையையே பார்க்காதவள் ஒருத்திதான் கூடாது என்றாள்.

“இந்த மேப் பூரா அவர் அளந்தது சார்,” என்றாள் பத்ரிநாராயணனைப் பார்த்து. “இல்லாததை ஒரு இடத்துல போட்டா, இருக்கறதையும் நாளைக்கு ஒருத்தன் நம்பமாட்டான். அதுவும் போக, ஒரு தடவை திருப்பிப் பாக்காம விட்டாச்சு. இன்னொரு தடவை என்னால முடியாது.”

அவள் எதைச் சொல்கிறாள் என்று அவர்கள் ஒருவிதமாகப் புரிந்துகொண்டார்கள். அவளும் விளக்கவில்லை.

சரி, வழியை எடுத்துவிடலாம், ஓரத்தில் ‘கருவிப் பிழை’ என்று ஒரு குறிப்புப் போட்டுவிடலாம் என்று பத்ரிநாராயணன் இறங்கி வந்தார்.

“கருவி ஒழுங்காத்தான் இருந்துச்சு சார்.”

“அம்மா, அவரோட நினைவுநாள்…”

“தெரியும் சார். அன்னைக்கு நானும் இருந்தேன்.”

குறிப்பை அவளே எழுதட்டும் என்று பத்ரிநாராயணன் விட்டுவிட்டார்.

மறுநாள் மத்தியானம் ஆரோன் வந்தார். அண்ணனைப் போலவே நடை, அண்ணனைப் போலவே செருப்பை வாசலுக்குக் குறுக்கே கழற்றுகிற பழக்கம். உட்காரவில்லை.

“உமேஷ் போன் பண்ணான். ஏன் அண்ணி இப்படி? எங்கண்ணனுக்கு நிலமா, வீடா, என்ன இருக்கு? இந்த ஒரு பேருதான். அதையும் நீங்களே அழிக்கிறீங்க.”

“சாப்பிட்டீங்களா, தம்பி?”

“சாப்பாடு கிடக்குது அண்ணி. யாரோ அந்தக் கம்ப்யூட்டர் பையன் தப்பா பண்ணிட்டான்னு சொல்லிடுங்க.”

“அவன் பண்ணல. வளையல் நான் வாங்கிக் குடுத்தது.”

ஆரோன் அவளைப் பார்த்தார். “எந்த வளையல்? வலிக்குப் போட்டிருந்தானே, அதா?”

“அதான்.”

“அது போட்டு வலி போயிடுச்சுன்னானே.”

“என்கிட்டயும் அப்படித்தான் சொன்னார்.”

ஆரோன் அப்போதுதான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவள் சோறு போட்டுக் குழம்பு ஊற்றினாள். சாப்பிட்டார். ரசத்துக்கு மறுபடி சோறு வாங்கிக்கொண்டார். போகும்போது, “உங்க இஷ்டம்” என்றார். அது சம்மதமும் இல்லை, மறுப்பும் இல்லை. அந்தக் குடும்பத்து ஆண்கள் தோற்றுப்போனால் சொல்கிற வார்த்தை.

அவர் போனதும் தபீதாள் மேஜையைத் துடைத்துவிட்டுப் படத்தை விரித்தாள். மை ஏறியிருந்த கோடுகளை பிளேடால் மெல்லச் சுரண்டினாள். ஃபிலிம் தாளில் சுரண்டுவது அவளுக்குக் கைவந்த வேலை, தழும்பு தெரியாது. தூண் போயிற்று, மாடம் போயிற்று. கடைசியாகப் பெயரின் எழுத்துக்கள். பிறகு கீழ் ஓரத்தில், அளந்தவர்கள் பெயர்வரிசைக்கு அடியில், கம்பெனிப் படங்களுக்கு எழுதிப் பழகிய அச்சு போன்ற எழுத்தில் எழுதினாள்: புதுத் துவாரத்திலிருந்து எடுத்த அளவுகள் தள்ளுபடி. காரணம்: அளந்தவர் சாலமோன் கையில் காந்த வளையல். திருப்பிப் பார்க்கப்படவில்லை.

எழுத்து ஒன்றுகூட நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கூட்டம் நடந்தது. பேனரில் சாலமோன் திசைகாட்டியோடு நின்றார், வளையலும் இருந்தது. போதகர் ஜெபித்தார். பத்ரிநாராயணன் பேசினார், நடுவில் தண்ணீர் குடித்தார். சுவரில் மாட்டிய படத்தைச் சபையார் வரிசையாக வந்து பார்த்தார்கள். குகைப்படத்தை எப்படிப் பார்ப்பது என்று யாருக்கும் தெரியாததால், எல்லோரும் தெரிந்த தமிழான அந்தக் குறிப்பைப் படித்தார்கள். ஒரு பெரியவர் வளையல் என்ற இடத்தில் வாய்விட்டுச் சிரித்தார், பக்கத்தில் நின்ற அம்மாள் அவரைக் கிள்ளினாள், அப்புறம் அவளும் சிரித்தாள். தபீதாளுக்கு அது தவறாகப் படவில்லை. சாலமோனைப் பற்றி அந்த மண்டபத்தில் ஒரு வருஷமாக யாரும் சிரித்திருக்கவில்லை.

ஆரோன் கூட்டம் கலைந்தபிறகுதான் படத்துக்கு அருகில் வந்தார்.

“எது அண்ணி அவன் போன வழி?”

அவள் பழைய வழியைக் காட்டினாள். “இதுதான். ரெண்டு தடவை போயிருக்கார். முதல் தடவை இந்தப் பக்கமிருந்து. கடைசித் தடவை அந்தப் பக்கமிருந்து.”

“ரெண்டாவது தடவை அதே இடம்னு அவனுக்குத் தெரியலையா?”

“தெரியல.”

“புதுசுன்னு நெனச்சானா?”

“ஆமா. ஸ்டேஷன்லேருந்தே போன் பண்ணினார். வீட்டுக்கு வர வரைக்கும் பொறுக்கல.”

ஆரோன் தலையை ஆட்டினார். போனை எடுத்து அந்த வழியை மட்டும் நெருக்கமாக ஒரு படம் பிடித்துக்கொண்டு போனார்.

தபீதாள் வீட்டுக்கு வந்து புடவை மாற்றிக்கொண்டிருக்கும்போது குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அந்தப் படம் வந்தது. பழைய வழியின் மேல் சிவப்பில் ஒரு அம்புக்குறி. கீழே, ‘எங்கள் அண்ணன் சாலமோன் கண்டுபிடித்த குகைப்பாதை. கர்த்தருக்கே ஸ்தோத்திரம்.’ அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கட்டிலில் உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள்: ‘அது ஏற்கெனவே இருந்த பாதை. அவர் கண்டுபிடித்ததல்ல. தபீதாள்.’ அனுப்பினாள்.

மறைமலை நகரிலிருந்து, கோயம்புத்தூரிலிருந்து, மஸ்கட்டிலிருந்து பதில்கள் வர ஆரம்பித்தன. ஆரோன் போட்டதற்கு ஆமென் என்று போட்டார்கள். அவள் போட்டதற்கும் ஆமென் என்று போட்டார்கள். படிக்காமல் போட்டது என்று தெரிந்தது. ஒன்று விடாமல் கடைசிவரை எல்லாவற்றையும் அவள் படித்தாள்.